பழைய மரத்தில் கட்டிய கோழிக்கூண்டு: என்ன தொல்லை, எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

இடித்த வீட்டுக் கதவு, ஓட்டுக்கூரையிலிருந்து இறக்கிய ரீப்பர், கம்பெனிகளில் தூக்கிப்போடும் பேக்கிங் கட்டை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒரு கோழிக்கூண்டு கட்டிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. ஒரு ஐப்பசி மழையும் ஒரு கத்திரி வெயிலும் அதன் மேல் போன பிறகுதான் தொல்லை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கோழி சரியாகத் தின்பதில்லை, முட்டை குறைகிறது, கூண்டுக்குள் போக மாட்டேன் என்கிறது என்றால் எல்லோரும் முதலில் மருந்துக்கடைக்குத்தான் ஓடுகிறோம். கோழியைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது, ஏனென்றால் பழைய மரத்தில் கட்டிய கூண்டில் குறை மரத்தில் இருக்கும், அடையாளம் மட்டும் கோழியில் தெரியும்.

நான் மனதில் வைத்துப் பேசுவது ஆறடிக்கு நாலடிக் கூண்டு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்து நிற்பது, பகலில் மேய்ந்துவிட்டு ராத்திரி மட்டும் அடைகிற பத்துப் பன்னிரண்டு சிறுவிடைக் கோழிகளுக்கானது, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி. கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி கணக்கு. பெரிய உடம்புப் பெருவிடை வளர்ப்பவர்கள் எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கூண்டு இதைவிடச் சின்னது, கோழி இதைவிட அதிகம் என்றால் கீழே சொல்லும் பாதித் தொல்லைக்கு அதுவே காரணம், மேலே படிக்கிற வேலையே மிச்சம்.

சாயங்காலம் கூண்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கிறது

நேற்று வரை ஒழுங்காக அடைந்த கோழி இன்றைக்கு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், உள்ளே ஏதோ கடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டை வெளுத்திருக்கிறதா, கோழியைத் தூக்கினால் எடை குறைந்தது போல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அது அநேகமாக ரத்தம் குடிக்கும் பூச்சி. பகலில் கோழியின் உடம்பில் தேடினால் ஒன்றும் சிக்காது, அதனால்தான் பலர் பேன் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பூச்சிகள் குடியிருப்பது கோழியில் அல்ல, மரத்தில்.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஊசிமுனை அளவுச் சிவப்புப் பூச்சி, பசியில் சாம்பல் நிறமாகவும் ரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் இருக்கும். இன்னொன்று கோழி உண்ணி, தட்டையாக, ஓரம் மடித்த தோல்துண்டு போல. இரண்டும் பகலில் மரவெடிப்பு, பழைய ஆணித்துளை, இரண்டு பலகை சேரும் இடம், ராத்திரி கோழி ஏறி உட்காரும் அடைகட்டை சட்டத்தில் பொருந்தும் முனை இங்கெல்லாம் ஒளிந்துகொள்ளும், விளக்கணைந்ததும் கிளம்பி வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். உண்ணியின் குஞ்சுகள் மட்டும் சில நாள் கோழியின் உடம்பிலேயே, பெரும்பாலும் இறக்கைக்கு அடியில் கறுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். வளர்ந்த உண்ணி தீனியே இல்லாமல் மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கூண்டை ஒரு மாதம் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நம்பி இருப்பது வீண்.

உறுதிசெய்ய ஒரு வழி. ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய் அடைகட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக்கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம். அப்படியே கட்டையின் முனைகளிலும் டார்ச்சை அடித்துப் பாருங்கள், உப்பும் மிளகும் கலந்து கொட்டியது போல ஒரு சாம்பல் படிவு இருந்தால் அதுதான் அவற்றின் கழிவு.

சரி, என்ன செய்வது? கோழிகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். தரையில் பரப்பிய கூளம் முழுவதையும் அள்ளி எரித்துவிடுங்கள் அல்லது தூரத்தில் குப்பைக்குழியில் போட்டு மூடுங்கள். கழற்ற முடிந்த கட்டைகளையெல்லாம் வெளியே எடுத்துக் கொதிக்கிற தண்ணீரை இரண்டு பக்கமும் ஊற்றுங்கள், குறிப்பாக முனைகளில். கூண்டின் சட்டத்துச் சந்துகளிலும் அதே கொதிநீர். காய்ந்ததும் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, தயிர் பதத்தில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு வெடிப்பிலும் திணித்துத் திணித்துப் பூசுங்கள். மேலே மெல்லிசாக வெள்ளை அடிப்பது பார்வைக்குத்தான், பூச்சி இருப்பது ஆழத்தில். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முழுக்கக் காயும்வரை கோழியை விடாதீர்கள். கேஸ் டார்ச்சால் தீ காட்டுவது கம்பிவலைக்கும் இரும்புக்கும் சரி, உளுத்த பழைய மரத்தில் நெருப்பு உள்ளே புகைந்துகொண்டே இருந்து நடுராத்திரி பற்றிக்கொள்ளும், கீற்றுக்கூரை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். தெளிக்கும் பூச்சிமருந்து வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வயலுக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தைக் குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள்.

ஒருமுறை செய்தால் தீராது. முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை பொரித்துவிடும், அதனால் ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் ஒரு சுற்று. உண்ணி முட்டை பொரிய இன்னும் அதிக நாள் பிடிக்கும் என்பதால் அடுத்த மாதம் இன்னொரு சுற்று.

நிரந்தரத் தீர்வு வேறு. அடைகட்டையை ஆணி அடித்து நிறுத்துவதுதான் அடிப்படைக் கோளாறு. சட்டத்தில் யூ வடிவத்தில் வெட்டுக் கொடுத்து, கட்டை அதில் சும்மா உட்காரும்படி வையுங்கள், வாரம் ஒருமுறை தூக்கி வெயிலில் போடலாம், முனைகளையும் பார்க்கலாம். பழைய நிலைச்சட்டத்தில் இருக்கும் காடி, கீல் உட்கார்ந்த பள்ளம், தாழ்ப்பாள் துளை எல்லாவற்றையும் மரத்தூளும் ஃபெவிகாலும் பிசைந்து அடைத்துவிடுங்கள். சித்திர வேலை செய்த கதவுப் பலகையைக் கூண்டுக்குள் பக்கம் பார்த்து வைக்கவே வைக்காதீர்கள், ஒவ்வொரு பூவேலையும் பூச்சிக்கு ஒரு வீடு. (காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டு பர்மா தேக்குக் கதவு கையில் இருந்தால் அதைக் கூண்டுக்கு அறுப்பது பாவம். பழைய சாமான் கடையில் கொடுத்தால் அந்தக் காசில் புதுக்கூண்டே வரும்.)

பூச்சியே இல்லை, ஆனாலும் உள்ளே போகவில்லை என்றால் வேறு காரணங்கள். உள்ளே கும்மிருட்டாக இருக்கலாம், ஏணி செங்குத்தாக இருக்கலாம், ராத்திரியில் பாம்போ பூனையோ ஒருமுறை வந்து பயமுறுத்தியிருக்கலாம். ஏணியைச் சாய்த்து அரையடிக்கு ஒரு குறுக்குப் பட்டை அடியுங்கள், சாயங்காலம் தீனியை உள்ளே வையுங்கள், நாலைந்து நாள் அந்தி சாய்வதற்கு முன்பே அடைத்துப் பழக்குங்கள்.

காலையில் திறந்ததும் நெடி மூக்கில் ஏறுகிறது

அம்மோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் வருவது. உங்களுக்குக் கண் எரிகிறது என்றால் ராத்திரி முழுக்க அதற்குள் உட்கார்ந்திருந்த கோழிக்குக் கண்ணில் நீர் வடியும், சளி பிடிக்கும், அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தாலும் தீராது.

முதலில் கூளத்தை ஒரு கை அள்ளிப் பிடித்து அழுத்துங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் சரியாக இருக்கிறது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஈரமான இடம் எங்கே என்று பாருங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி மட்டும் என்றால் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்குங்கள், அல்லது ராத்திரி மட்டும் அடைகிற கூண்டில் தண்ணீரே வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஓரங்களில் என்றால் சாரல். அடைகட்டைக்கு நேர் கீழே மட்டும் என்றால் அது எச்சம்தான், அங்கே ஒரு தகரத்தட்டையோ பழைய சாக்கையோ விரித்துக் காலையில் உதறிவிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஈரமென்றால் காற்றில்லை.

பழைய கதவை அப்படியே படுக்கப்போட்டுத் தரையாக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். கதவு பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் பலகைகளின் இணைப்பில் ஈரம் இறங்கி அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். அதன் மேல் பழைய வினைல் ஷீட் ஒன்றை ஓரம் மடித்து விரித்து, அதற்கு மேல் நெல் உமியோ கடலைத்தோலோ இரண்டு மூன்று இன்ச் போட்டு, வாரம் இருமுறை கிளறிவிட்டால் போதும். இன்னொரு வழி, தரையை ரீப்பர்களாக விரல் தடிமன் இடைவெளி விட்டு அடிப்பது. எச்சம் கீழே விழுந்துவிடும், ஆனால் கீழே போய் வாரம் ஒருமுறை அள்ள வேண்டும், குஞ்சு உள்ள கூண்டுக்கு ஆகாது, கால் மாட்டிக்கொள்ளும்.

சுண்ணாம்பைத் தூவு, நெடி போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஈரக்கூளத்தின் மேல் சுண்ணாம்பு விழுந்தால் அம்மோனியா இன்னும் வேகமாகத்தான் கிளம்பும், அன்றைக்கு ராத்திரி நெடி கூடும். ஈரத்தை அள்ளி வெளியே போட்டபின் வெறும் தரையில் சுண்ணாம்பு, அதன் மேல் புதுக்கூளம். இந்த வரிசை மாறக் கூடாது.

கூரையிலிருந்து சொட்டுகிறது

மழை பெய்யும்போது சொட்டுகிறதா, மழையே இல்லாத மார்கழி விடியலில் சொட்டுகிறதா? இந்த ஒரு கேள்வியில் காரணம் தெரிந்துவிடும்.

மழையில்லாத நாளில் தகரத்தின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டினால் அது ஒழுகல் இல்லை, கோழிகளின் மூச்சுக்காற்று. குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. எம்-சீல் வாங்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில், கோழியின் தலைக்கு மேலே, நீளவாக்கில் இரண்டு பக்கமும் அரையடி உயரத்துக்குத் திறந்துவிட்டு வலை அடியுங்கள். பழைய ஜன்னல் இருந்தால் அதைப் படுக்கவாட்டில் வைக்க அருமையான இடம் இது. அடைகட்டை உயரத்தில் மட்டும் ஓட்டை வைக்காதீர்கள், தூங்குகிற கோழியின் மேலேயே பனிக்காற்று அடிக்கும்.

மழையில்தான் சொட்டுகிறது என்றால் தகரத்தின் பழைய ஆணித்துளைகளைப் பாருங்கள். பழைய தகரத்தைத் திருப்பிப் போட்டு அடித்திருப்பார்கள், முன்பு மேட்டில் இருந்த துளை இப்போது பள்ளத்தில் வந்து நிற்கும், தண்ணீர் முழுக்க அதன் வழியேதான் ஓடும். துளை மேட்டில் வரும்படி மாற்றிப் போட்டு ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூ முடுக்குங்கள். பழைய சிமென்ட் ஷீட்டாக இருந்தால் அதை அறுக்கவோ துளைபோடவோ வேண்டாம், கல்நார் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முழு ஷீட்டாகவே போடுங்கள்.

சாரல் உள்ளே அடிப்பது தனிக்கதை. வடகிழக்குப் பருவமழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பெயரிலேயே இருக்கிறது, ஆனாலும் வாசலை வடக்கே வைத்துவிட்டு அக்டோபரில் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் நேரே உள்ளே விழாது. கூரையை இரண்டு பக்கமும் இரண்டு மூன்றடி வெளியே இழுத்துவிட்டால் சாரலும் குறையும், சட்டத்தின் அடி அழுகுவதும் நிற்கும்.

மரத்திலிருந்து மாவு கொட்டுகிறது

மாவா, மண்ணா என்று முதலில் பாருங்கள். பவுடர் போல் மாவும் குண்டூசித் தலை அளவுத் துளைகளும் இருந்தால் உளு வண்டு. மண்கோடு ஏறியிருந்தால் கரையான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உளு வண்டு மரத்தின் வெளிர்ந்த ஓரப்பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த நடுப்பகுதி பக்கம் பெரும்பாலும் போகாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் இன்ச் இறங்கிக் கெட்டியாக நின்றுவிட்டால் பயமில்லை, உளுத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போரிக் ஆசிட்டும் வெங்காரமும் (போராக்ஸ்) கலந்த வெந்நீரைத் துணியால் ஊற ஊறத் தடவி நன்றாகக் காயவிட்டு, மேலே வேப்பெண்ணெய் பூசுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வெண்ணெயில் போவது போல உள்ளே போனால் அந்தச் சட்டத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுத்து வைத்த பலகைகள் தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கம் தோப்புகளில் கிடந்தன, அதைக் கூண்டுக்கு எடுத்தவர்களும் உண்டு. தென்னையும் பனையும் மற்ற மரத்துக்கு நேர்மாறு. ஓரம்தான் கெட்டி, நடுப்பகுதி சோறு. நடுவில் அறுத்த பலகை மண்ணிலோ ஈரத்திலோ பட்டால் சீக்கிரம் நைந்துபோகும். ஓரத்துச் சட்டம் என்றால் கூரைக்குத் தாராளமாகப் போடலாம், பனஞ்சட்டத்தின் உழைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கரையானுக்கு, மரத்தை மண்ணிலிருந்து பிரிப்பதைவிடப் பெரிய மருந்து கிடையாது. கால்களை மண்ணில் புதைக்காதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு கருங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்து, அதன் மேல் காலைவிட இரண்டு இன்ச் அகலமாக ஒரு தகரத்துண்டை ஓரம் கீழ்நோக்கி மடித்து வைத்து, அதன் மேல் கால் நிற்கட்டும். கரையான் அதைச் சுற்றி மண்கோடு கட்டினால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். கடலோரத்தில் படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெய் காலின் அடிப்பகுதிக்கு நல்லது, கையில் பட்டால் வெந்துவிடும், உறை போட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஊற்றும் கரையான் மருந்தைக் கூண்டுக்கு அருகில் கொண்டுவர வேண்டாம், அதில் குளோர்பைரிபாஸ் போன்றவை பறவைகளுக்குக் கடும் விஷம், கோழி அந்த மண்ணைத்தான் கிளறும். பழைய எஞ்சின் ஆயிலும் அப்படியே, கோழி கொத்தும் உயரத்தில் பூசாதீர்கள்.

எறும்பு அடைகாக்கும் கோழியை எழுப்பிவிடும், பொரிக்கிற நேரத்தில் குஞ்சையும் தின்றுவிடும். காலைச் சுற்றிக் கிரீஸ் தடவிய துணியைக் கட்டுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் காலை நிறுத்துபவர்கள் அதில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் கொசு பெருகும், கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பங்குண்டு.

கூண்டு ஆடுகிறது, கதவு தொங்குகிறது, ஆணி வளைகிறது

கையால் தள்ளினால் கூண்டு முழுவதும் பக்கவாட்டில் சாய்ந்து திரும்புகிறதா? ஆணி போதவில்லை என்று இன்னும் நாலு ஆணி அடிப்பதால் பயனில்லை. நாலு மூலைச் சட்டம் எத்தனை ஆணி அடித்தாலும் சாயும், மூலைவிட்டமாக ஒரு ரீப்பரைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின்சுவரில் ஒன்று, இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று.

கதவு தொங்குவதற்கும் அதே மூலைவிட்டம்தான், ஆனால் திசை முக்கியம். கட்டை கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து கிளம்பித் தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்குப் போக வேண்டும். மாற்றி அடித்தால் ஒரு பிடிமானமும் இருக்காது.

ஐப்பசியில் கதவு இறுகித் திறக்க வரவில்லை என்றால் உடனே இழைப்புளி எடுக்காதீர்கள், தை மாதம் காய்ந்து சுருங்கினதும் அந்த இடத்தில் பாம்பு நுழையும் சந்து விழும். பழைய தேக்கு அவ்வளவாக ஊதாது, பேக்கிங் கட்டையும் ப்ளைவுட்டும்தான் ஊதும். வெட்டிய முனைகளில் பெயின்டோ வார்னிஷோ இரண்டு கை பூசிவிட்டு அடுத்த மழையைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆணி வளைவதும் முனை பிளப்பதும் பழைய வைரக்கட்டையின் குணம். டிரில்லிங் மிஷினால் ஆணியைவிடச் சன்னமான துளை போட்டுக்கொள்ளுங்கள், ஸ்க்ரூவின் மரையில் குளிக்கிற சோப்பைத் தேய்த்து முடுக்குங்கள், சட்டமும் சட்டமும் சேரும் மூலைக்கு போல்ட் நட்டே நல்லது. பழைய துளையிலேயே ஆணி அடித்தால் நிற்காது, இரண்டு விரல் தள்ளி அடியுங்கள்.

கோழி நொண்டுகிறது

பாதத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பொருக்கும் அதைச் சுற்றி வீக்கமும் இருந்தால் ஏதோ குத்திச் சீழ் வைத்திருக்கிறது. அதை மருத்துவரிடம் காட்டிவிட்டு, குத்தினது எது என்று கூண்டில் தேடுங்கள். பலகையின் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் ஆணிமுனை, சிலாம்பு, வெட்டி விட்ட வலைக்கம்பி. உள்ளங்கையில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு எல்லாப் பலகையையும் தடவுங்கள், மாட்டுகிற இடமெல்லாம் கோழிக்கும் மாட்டும். அப்புறம் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கூண்டைச் சுற்றித் தரையில் இழுத்துப் பாருங்கள், ஆணித்துண்டுகள் எவ்வளவு வருகின்றன என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். மினுங்குவதைக் கோழி விழுங்கும், அது இரைப்பையைக் குத்திவிட்டால் காரணமே தெரியாமல் செத்துப்போகும்.

அடைகட்டை இரண்டு இன்ச் அகலம், மேல் விளிம்பு உருட்டி இழைத்திருக்க வேண்டும். பழைய ஜன்னல் கம்பியை அடைகட்டையாக்காதீர்கள், பிடி கிடைக்காது. ரொம்ப உயரமும் வேண்டாம், கனத்த சேவல் நாலடியிலிருந்து பலகையில் குதித்தால் பாதம் வீங்கும். ஒரு கோழிக்கு எட்டிலிருந்து பத்து இன்ச் இடம்.

மத்தியானம் வாயைப் பிளந்து இறக்கையை விரிக்கிறது

கோழிக்கு வியர்க்காது, அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்குப் பக்கம், மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். முட்டையிட உள்ளே போன கோழி தகரத்தின் கீழ் வெந்துபோவது ஏப்ரல், மே மாதத்தில் சாதாரணம். தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அதற்கு மேல் நாலு இன்ச் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று போடுங்கள். இடைவெளிதான் வேலை செய்கிறது, கீற்றைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் பலன் பாதி. கீற்றில் எலி கூடு கட்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும், அதனால் வருடம் ஒருமுறை பிரித்து மாற்றுங்கள்.

காலையில் எண்ணினால் ஒன்று குறைகிறது

தடயத்தைப் பார்த்தால் யார் வந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கழுத்தில் கடிபட்டு இரண்டு மூன்று செத்துக்கிடந்தால் கீரி அல்லது மரநாய். ரத்தமும் இறகும் இல்லாமல் குஞ்சும் முட்டையும் மட்டும் காணோம் என்றால் பாம்பு, சிலசமயம் குஞ்சை விழுங்க முடியாமல் தலைப்பக்கம் ஈரமாக விட்டுப்போகும். தரையோரம் வளை தோண்டியிருந்தால் பெருச்சாளி. கதவே திறந்து கிடந்தால் நாய்.

அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான், வெளியே இருப்பதைத் தடுக்க அல்ல. அரை இன்ச் கண் வெல்டு மெஷ் வாங்குங்கள், மரத்தில் மிச்சம் பிடித்த காசை இங்கே போடுங்கள். வலையை வெளிப்பக்கமாக அடித்து, விளிம்பின் மேல் ரீப்பர் பட்டை வைத்து ஸ்க்ரூ போடுங்கள், வெறும் வளையாணியை நாய் பிடுங்கிவிடும். பழைய பலகைகளின் நடுச்சந்து, மூலைகள், முட்டைப்பெட்டியின் மூடி எல்லாவற்றிலும் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். விரல் போனால் அடைக்க வேண்டிய இடம் அது. தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு கொண்டியும் போடுங்கள்.

முட்டையை வைக்கோல்போரில் இடுகிறது

முட்டைப்பெட்டி அடைகட்டையைவிட உயரத்தில் இருக்கும், அல்லது வெளிச்சம் நேரே விழும். ஒரு அடிக்கு ஒரு அடிப் பெட்டி, நாலைந்து கோழிக்கு ஒன்று, தாழ்வாக, அரையிருட்டில், உள்ளே வைக்கோல். அவ்வளவுதான்.

பெயின்ட் உரிகிறது, மரம் வாடை அடிக்கிறது

பழைய கதவின் பெயின்டைக் கோழி கொத்திக் கொத்தித் தின்னும். நம் நாட்டில் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ம் வருட விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது முட்டைக்கும் வரும். காய்ந்த பெயின்டை மிஷின் போட்டுத் தேய்த்தால் தூசி உங்கள் நெஞ்சுக்குள் போகும். பெயின்ட் பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பி அடியுங்கள், வெளியிலும் உரிகிறது என்றால் நனைத்துச் சுரண்டி, சுரண்டலைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முடியாது என்றால் அந்தப் பலகையைக் கூண்டுக்கு வைக்க வேண்டாம்.

பேக்கிங் கட்டையில் கோதுமைக்கதிர் முத்திரை பாருங்கள், ஏற்றுமதிக்காக மரத்தில் பூச்சி போக என்ன செய்தார்கள் என்பதை அது சொல்லும். ஹெச்.டி என்று இருந்தால் நடுமரம் 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடுபட்டது, எடுக்கலாம். எம்.பி என்றால் மெத்தில் புரோமைடு புகைபோட்டது, விட்டுவிடுங்கள். முத்திரை எதுவானாலும் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால் அதுவும் வேண்டாம். ரயில் ஸ்லீப்பர் கட்டை தார்வாடை அடிக்கும், வெயிலில் கசியும், கூண்டுக்குள் கூடவே கூடாது. பச்சை நிறம் ஏறிய மருந்தூட்டிய மரத்தில் ஆர்செனிக் இருக்க வாய்ப்புண்டு, அதை எரிக்கவும் கூடாது.

மரத்தில் குறை இல்லாதபோது

வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், ஒரே வாரத்தில் வரிசையாகச் சாவு என்றால் அது அநேகமாக வெள்ளைக்கழிச்சல் நோய், கூண்டை ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். நலமாக இருப்பவற்றைத் தனியே பிரித்துவிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், தடுப்பூசி எப்போது போடுகிறார்கள் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேறொருவர் பிரித்துப்போட்ட கோழிக்கூண்டின் பலகையை வாங்குவதாக இருந்தால் அவர் ஏன் பிரித்தார் என்று கேளுங்கள். கோழி செத்துப்போய்ப் பிரித்தது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மற்றபடி எதுவானாலும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் பல நாள் போட்டு, கொதிநீரும் சுண்ணாம்பும் கொடுத்த பிறகே உங்கள் கோழிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.